இலைப் பாவாடை வேண்டாம்: எங்கள் குடியிருப்புத் தமிழ் மன்ற விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

விழாக் குழுவின் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவுக்கான உங்கள் சுற்றறிக்கையைப் படித்தேன். இந்த முறை 'மழைக்காடும் மக்களும்' என்ற தலைப்பில் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகள் மேடை ஏறுவார்கள் என்று இருந்தது. தலைப்பைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு சபாஷ் போட்டேன். அடுத்த பக்கத்தில் பெற்றோர் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல்: பச்சை நார்ப் பாவாடை, முகத்திலும் கைகாலிலும் பூசக் கறுப்புச் சாயம், பிளாஸ்டிக் ஈட்டி, மண்டையோட்டு மாலை, தலையில் செருக இறகு. சிக்பேட்டையில் மொத்தமாக எடுத்தால் மலிவு என்று ஒரு குறிப்பு வேறு. நடனத்துக்குத் தேர்ந்த பாட்டில் நாலு வரிக்கு ஒரு தரம் 'ஜிங்காலாலா' வருகிறது. முத்தாய்ப்பாக, வழிதவறி வந்த சுற்றுலாப் பயணியைக் காட்டுத் தலைவன் அண்டாவில் போட்டு வேகவைக்கும் குட்டி நாடகம்.

இதை வாட்ஸ்அப் குழுவிலேயே எழுதியிருக்கலாம். தண்ணீர் லாரி வந்ததா, லிஃப்ட் ஓடுகிறதா என்ற செய்திகளுக்கு நடுவே அரை மணி நேரத்தில் அது காணாமல் போய்விடும். அதோடு இது நம் குடியிருப்போடு முடிகிற விஷயமும் இல்லை. பெங்களூரில் எத்தனையோ ஆண்டு விழாக்களில் இதே பாவாடையையும் இதே ஈட்டியையும் பார்க்கிறேன். அதனால்தான் திறந்த மடல். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் துறந்து, பைசா வாங்காமல் நீங்கள் உழைப்பது எனக்குத் தெரியும். கோபத்தில் எழுதவில்லை.

முதலில் ஒரு கேள்வி. மேடையில் வரப்போவது எந்த மக்கள்? அமேசானில் நூற்றுக்கணக்கான இனங்கள் இருக்கின்றன. காங்கோ காடுகளில் ம்பூட்டி, பாக்கா முதலியோர். போர்னியோவில் பெனான். அந்தமானில் ஜாரவாக்கள், ஓங்கேக்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் காடர், முதுவர், மலைமலசர், காணிக்காரர், சோலநாயக்கர். உங்கள் பட்டியலில் இறகு ஒரு கண்டத்திலிருந்தும் நார் இன்னொரு கண்டத்திலிருந்தும் வந்திருக்கின்றன. அண்டா மட்டும் எந்தக் காட்டிலிருந்தும் வரவில்லை, கேலிச்சித்திரத்திலிருந்து நேராக இறங்கியிருக்கிறது. எட்டு முழ வேட்டி, ஜப்பானிய கிமோனோ, சீக்கியர் தலைப்பாகை மூன்றையும் ஒரே பையனுக்கு மாட்டி 'இதோ ஆசியர்' என்று எங்காவது நிறுத்தினால் நாம் எப்படிச் சிரிப்போமோ, அப்படித்தான் இதுவும்.

பாவாடையை விட எனக்குப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. இந்த வேடம் ஒரு பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுக்கும்? காட்டில் இருப்பவர்களுக்கு ஊர் கிடையாது, ஆண்டு கிடையாது, வரலாறு கிடையாது. உலகம் தோன்றிய நாள் முதல் இப்படியே குதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுக்கும். அது சுத்தமான பொய். அவர்களுக்கு வரலாறு இருக்கிறது. அதில் பாதி நம்மோடு பின்னியது. என் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே பின்னியது, ஏனென்றால் நான் பொள்ளாச்சிக்காரன்.

காடர்களையே எடுத்துக்கொள்கிறேன். நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற மழைக்காட்டு மக்கள் அவர்கள்தான் என்று சொல்லலாம். சில ஆயிரம் பேர்தான் இருப்பார்கள். ஆனைமலை, வால்பாறை, பரம்பிக்குளம், சாலக்குடி ஆற்றுப் பள்ளத்தாக்கு, இவைதான் அவர்கள் நாடு. நீண்ட விடுமுறை வந்தால் நம் குடியிருப்பிலிருந்தே நாலு கார் கிளம்பி வால்பாறைக்குப் போகிறது. நாற்பது கொண்டை ஊசி வளைவையும் படம் எடுத்துப் போடுகிறோம். காடர் ஊர் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தேன் எடுப்பதைப் பாருங்கள். பெரிய மலைத்தேனீ ஆளைக் கொல்லக்கூடியது. அது கூடு கட்டுவது கைக்கு எட்டாத உயரத்தில், மரக்கிளையிலோ பாறை விளிம்பிலோ. நிலா இல்லாத இரவு பார்த்துப் போவார்கள். மரமாக இருந்தால் மூங்கில் ஆப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து, அதில் கால் வைத்து ஏறுவது. பாறையாக இருந்தால் மேலிருந்து பிரம்பிலோ கொடியிலோ தொங்கி இறங்குவது. பச்சைத் தழை கட்டிய பந்தத்தின் புகையில் ஈ விலகும். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், மேலே கயிற்றைக் காவல் காப்பவர் யார் என்பது. நீலகிரிக் குறும்பர்களிடம் அந்த வேலை மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கோ அண்ணனுக்கோ. தன் கூடப்பிறந்தவளை விதவையாக்க எவனும் கயிற்றை விடமாட்டான் என்ற கணக்கு. பங்காளியை நம்ப மாட்டார்கள், சொத்துத் தகராறு இருக்கலாம்! நம் ஊர்க் குடும்ப அரசியலை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. காடர்களிடமும் மேலே நிற்பது மனைவியோ மகனோதான், வேறு ஆள் கையில் உயிரைக் கொடுக்க மாட்டார்கள் என்று நூறு ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். பத்து வயதுப் பையன்கள் இரண்டு பேர், ஒரு கயிறு, ஒரு மேசை. இந்தக் காட்சியை மேடையில் போட்டால் அரங்கம் அண்டா நாடகத்தை மறந்துவிடும்.

கிழங்கும் அப்படித்தான். காட்டு வள்ளிக்கிழங்கில் எத்தனை வகை, எது எந்த மாதத்தில் இனிக்கும், எதை ஓடும் தண்ணீரில் போட்டுக் கசப்பு நீக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு படிப்பு. தோண்டியபின் கொடியோடு சேர்ந்த தலைப்பகுதியைத் திரும்ப மண்ணில் புதைத்துவிட்டுத்தான் நகர்வார்கள், அடுத்த மழைக்கு அது மறுபடி கிழங்கு வைக்கும். இதைச் செய்கிறவரை 'விவசாயம் தெரியாதவர்' என்று நம் பாடப் புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன். பட்டினப்பாலையில் பூம்புகார் வீதியில் குவிந்து கிடந்த சரக்குகளின் பட்டியல் வரும். 'குடமலைப் பிறந்த ஆரமும் அகிலும்' அதில் ஒரு வரி. நம் மன்றத்துப் பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் ஆண்டுதோறும் மனப்பாடமாக ஒப்பிக்கிற வரி. குடமலை என்றால் மேற்கு மலை. அகில் அங்கிருந்து தானாக நடந்து துறைமுகத்துக்கு வரவில்லை. அட்டையும் யானையும் உள்ள காட்டுக்குள் புகுந்து, எந்த மரத்தில் வாசம் ஏறியிருக்கிறது என்று பார்த்து எடுத்துக் கொடுக்கத் தெரிந்த கைகள் இருந்திருக்கின்றன. ஏலம், மிளகு, தேன்மெழுகு, கருங்குங்கிலியம், தந்தம் எல்லாம் அப்படி மலையிறங்கியவைதான். ரோமாபுரி வரைக்கும் போன வணிகத்தின் முதல் கண்ணி காட்டுக்குள் இருந்தது. பாட்டில் கப்பலுக்கு இடம் இருக்கிறது, துறைமுகத்துக்கு இடம் இருக்கிறது, மலையில் ஏறியவருக்கு இல்லை.

அப்புறம் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்குப் போயிற்று, பிறகு ரயில் பாதைக்கு அடிக்கட்டையாக. மலையுச்சியிலிருந்து மரங்களைச் சரித்துவிட்ட இடத்துக்குத்தான் டாப்சிலிப் என்று பெயர். இன்று நாம் சுற்றுலாவுக்கு வரிசையில் நிற்கும் அதே இடம். 1890களில் வால்பாறைப் பீடபூமியில் காடழித்துக் காபி, தேயிலைத் தோட்டங்கள் போட ஆரம்பித்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கொச்சி சமஸ்தானம் சும்மா இருக்குமா? பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை ஒரு டிராம் பாதையே போட்டது. 1907இல் ஓடத் தொடங்கி 1963 வரை ஓடியது. செங்குத்துச் சரிவுகளில் மரம் ஏற்றிய வண்டி கீழே இறங்கும்போது, அந்த எடையே மறுமுனையில் கட்டிய வெற்று வண்டியை மேலே இழுத்துவிடும். அற்புதமான பொறியியல். இறங்கிய வண்டிகளில் போனதெல்லாம் காடர்கள் தேன் எடுத்த மரங்களும் அவர்கள் காட்டுப் பாதைகளின் நிழலும். அவர்களே வழிகாட்டிகளாகவும் யானை பிடிப்பவர்களாகவும் அந்த வேலைக்குக் கூலிக்கு வைக்கப்பட்டார்கள்.

அடுத்தது எங்கள் முறை. 1950களிலும் 60களிலும் அந்தப் பள்ளத்தாக்குகளில் வரிசையாக அணைகள் எழுந்தன. பெரிங்கல்குத்து, பரம்பிக்குளம், சோலையாறு. மேற்கே ஓடிய தண்ணீரைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பிக் கோவைச் சமவெளிக்குக் கொண்டுவந்தார்கள். என் அப்பா அந்த அணைகளில் ஒன்றில் பொதுப்பணித் துறை ஊழியர். என் தாத்தாவின் தென்னந்தோப்பு வாய்க்கால் தண்ணீரில் காய்த்தது. நான் பெங்களூரில் பொறியியல் படித்தது அந்தத் தேங்காய்க் காசில். தண்ணீர் ஏறிய இடத்தில் காடர் குடியிருப்புகள் இருந்தன, அவை நகர்த்தப்பட்டன. அணைத் திறப்பு விழாக் கல்வெட்டுகளில் அமைச்சர்கள் பெயர் இருக்கும். எங்கள் வீட்டில் அணைக் கதைகள் எத்தனையோ பேசுவோம், அந்தக் குடியிருப்புகளின் பெயர் ஒன்றுகூட அதில் வராது.

'அதெல்லாம் பழைய கதை' என்று யாராவது சொல்லக்கூடும். 2019 ஆகஸ்ட் மழையில் வால்பாறை மலையில் கல்லார் என்ற காடர் ஊரில் மண் சரிந்தது. காட்டுக்குள்ளேயே தெப்பக்குளமேட்டில் பாதுகாப்பான இடம் இருக்கிறது, அங்கே போய்க்கொள்கிறோம் என்று அவர்கள் கேட்டார்கள். தங்கள் பாட்டன் பூட்டன் நடந்த காட்டில் இன்னோர் இடத்துக்கு மாற வனத்துறையின் அனுமதி வேண்டியிருந்தது. தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளருக்காக வரிசையாகக் கட்டிய, இடிந்த லயன் வீடுகளில் காலம் தள்ளினார்கள், போராடினார்கள். 2021இல்தான் தெப்பக்குளமேட்டில் பட்டா கிடைத்தது. அந்த ஆண்டுகளில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு, 'மலையில் போய் ஒரு மாசம் இருந்தால் எப்படி இருக்கும்' என்று ரிசார்ட் வாடகை விசாரித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் காடர்கள் 'மிகவும் நலிந்த பழங்குடி'ப் பட்டியலில் இருக்கிறார்கள், அதற்கான தனித் திட்டங்கள் உண்டு. இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இல்லை. அதே மக்கள், அதே பேச்சு, சம்பந்தி வீடுகூட எல்லைக்கு அப்பால்தான்.

சோகம் மட்டும் சொல்லி முடிக்க எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் அவர்கள் சும்மா உட்கார்ந்து பட்டுக்கொண்டிருக்கவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்து, கேரளத்தின் வாழச்சால் பகுதியில் பெரும்பாலும் காடர்களுடைய 9 ஊர்கள் 2014இல் ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டர் காட்டின் மீது சமூக உரிமை வாங்கின. அங்கே சாலக்குடி ஆற்றில் அதிரப்பள்ளியில் இன்னோர் அணை கட்ட வந்தபோது முன்னால் நின்று மறித்தவர்களில் காடர்கள் முக்கியமானவர்கள், அவர்களில் பெண்கள் இன்னும் முக்கியம். இருவாச்சிப் பறவையின் கதையும் அங்கேதான். பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை எச்சத்தாலும் சேற்றாலும் பூசிக்கொள்ளும். ஒரு கீற்றளவு ஓட்டை மட்டும் மிச்சம். மூன்று மாதத்துக்கு மேல் ஆண் பறவைதான் அத்திப்பழம் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியாக ஊட்ட வேண்டும். ஆண் செத்தால் குடும்பமே போயிற்று. முன்பு காடர்கள் கூட்டைத் தேடிக் குஞ்சுகளை எடுப்பார்கள், உணவுக்கு. எந்த மரம், எந்தப் பொந்து என்று அவர்கள் அளவுக்கு யாருக்கும் தெரியாது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து அதே அறிவை வைத்துக் கூடுகளைக் காவல் காத்துக் கணக்கெடுப்பவர்கள் ஆகியிருக்கிறார்கள். நம் கர்நாடகத்திலும் பிளிகிரிரங்கன் மலையின் சோலிகர்கள் 2011இல், புலிகள் காப்பகத்துக்கு உள்ளேயே காட்டுரிமை பெற்றவர்கள். கன்னடம் பேசும் அண்டை வீட்டாரும் விழாவுக்கு வருகிறார்கள் அல்லவா, அவர்களுக்காகவாவது இதைச் சொல்லலாம்.

இப்போது உலகக் கதை கொஞ்சம். 'மழைக்காட்டில் மனிதன் தனியே பிழைக்க முடியுமா' என்று மானுடவியலாளர்களே 1980களில் பெரிய சண்டை போட்டார்கள். மாவுச்சத்து போதாது, பக்கத்து விவசாயிகளோடு பண்டமாற்று செய்துதான் பிழைத்திருப்பார்கள் என்று ஒரு கட்சி. இலங்கையின் தென்மேற்கில் பாகியன்கல குகையை அகழ்ந்தபோது வேறு விடை வந்தது. ஏறக்குறைய 45,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர்கள் குரங்கையும் அணிலையும் வேட்டையாடி மழைக்காட்டில் வாழ்ந்திருக்கிறார்கள், எலும்பில் கூர் செய்து கருவி வைத்திருந்திருக்கிறார்கள். மரத்தின் உச்சியில் தாவும் குரங்கை எலும்புமுனை ஆயுதத்தால் வீழ்த்துவது எளிய வேலையா என்று வேண்டுமானால் நம் பூங்காவில் ஒரு மாங்காய் மேல் முயன்று பாருங்கள்.

அமேசான் இதைவிட அதிசயம். 'கன்னிக்காடு' என்று நாம் படித்த இடத்தில் கரியும் பானையோடும் எலும்பும் கலந்த கறுப்பு மண் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. மனிதக் கைபட்டு உருவான வளமான மண், இன்றும் விளைகிறது. ஈக்வடாரில் உபானோ பள்ளத்தாக்கில் லேசர் கதிரால் காட்டை ஊடுருவிப் படம் எடுத்தார்கள், 2024இல் முடிவு வந்தது. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் எழுந்த ஊர்கள், ஆயிரக்கணக்கான மண்மேடைகள், நேர்க்கோட்டுச் சாலைகள், வாய்க்கால்கள். 1542இல் அமேசான் ஆற்றில் போன ஸ்பானியர்கள் கரையோரம் பெரிய ஊர்களைப் பார்த்ததாக எழுதியபோது பின்னால் வந்தவர்கள் அதைக் கட்டுக்கதை என்றார்கள். பின்னால் வந்தவர்கள் பார்த்தது அம்மையும் காய்ச்சலும் அடிமைப் பிடிப்பும் வெறுமையாக்கிய கரையை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமேசான் காட்டின் புட்டுமாயோ ஆற்றுப் பக்கம் ஒரு ரப்பர் நிறுவனம் நடத்திய சவுக்கடியும் கொலையும், 1912இல் வெளியான பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்ட்டின் அறிக்கையால் உலகுக்குத் தெரிந்தன. ஆக, காட்டுக்குள் ஒளிந்து வாழும் சிறு கூட்டங்களைப் பார்த்து 'ஆதிகாலத்திலிருந்து இப்படியே' என்று சொல்வது, கலவரத்துக்குத் தப்பி ஓடியவரைப் பார்த்து 'இவருக்கு வீடே கிடையாது' என்பதற்கு ஒப்பு.

குழுவில் ஒருவர், 'வேஷம் எதற்கு, நிஜ ஆதிவாசிகளையே வரவழைத்து ஆடவிடலாமே, ஒரு செல்ஃபி மூலையும் வைக்கலாம்' என்று கேட்டிருந்தார். நல்லெண்ணத்தில் கேட்டதுதான். ஆனால் இந்த யோசனைக்கு ஒரு முன்கதை உண்டு. ஓட்டா பெங்கா என்ற காங்கோ இளைஞரை 1904இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். 1906இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில், குரங்குகள் இருந்த கட்டடத்தில், ஓர் ஒராங்குட்டானோடு அவரைக் காட்சிக்கு வைத்தார்கள். தங்கள் வழக்கப்படி கூராகச் சீவிய பற்கள் அவருக்கு இருந்தன. அதைக் காட்டி நரமாமிசம் தின்பவர் என்று கூட்டம் சேர்த்தார்கள். கறுப்பினப் பாதிரியார்கள் போராடி அவரை மீட்டார்கள். ஊர் திரும்ப வழியில்லாமல் 1916இல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். பூங்காவை நடத்தும் அமைப்பு மன்னிப்புக் கேட்டது 2020இல். நம் காடர்களுக்கும் பற்களைச் சீவிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அப்போது மதராஸ் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அதைக் குறித்து வைத்திருக்கிறார். அவர்கள் மூக்கின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து வகுத்து எண்களாகவும் எழுதி வைத்தார். காடர் பெண்கள் கூந்தலில் செருகும், கோலம் செதுக்கிய மூங்கில் சீப்பும் அவர் குறிப்பில்தான் வருகிறது. சீப்பை எந்த வேடப் பட்டியலிலும் காணோம். அண்டா மட்டும் எப்படியோ தங்கிவிட்டது.

அந்தமானுக்கு நம்மில் பலர் விடுமுறைச் சலுகையில் போய் வந்திருக்கிறோம். ஜாரவாக்களின் காட்டைப் பிளந்து போகும் சாலையில், வண்டியில் வந்தவர்கள் உணவுக்காக அந்தப் பெண்களை ஆடச் சொன்ன காணொளி 2012இல் வெளியாகி நாடே தலைகுனிந்தது. செல்ஃபி மூலை என்றதும் எனக்கு அதுதான் கண்முன் வந்தது.

படித்தவர்களும் யோக்கியமாக நடந்துவிடவில்லை. 1960களின் கடைசியில் வெனிசுவேலா, பிரேசில் எல்லையின் யானோமாமி மக்களிடம் அமெரிக்க ஆய்வாளர்கள் ரத்தம் எடுத்துப்போனார்கள். இறந்தவரின் உடம்பில் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது என்பது யானோமாமிகளின் ஈமச் சடங்கு. அந்த ரத்தமோ கொடுத்தவர்கள் செத்த பின்னும் பல்கலைக்கழகக் குளிர்பெட்டியில் இருந்தது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2015இல் 2,600க்கும் மேற்பட்ட குப்பிகள் திரும்பி வந்து, காட்டு மண்ணில் ஊற்றப்பட்டன. அதே மக்கள் 1992இல், தமிழ்நாட்டின் முக்கால் பங்கு பரப்புள்ள நிலத்துக்குப் பிரேசில் அரசிடம் எல்லை வரையறை வாங்கியவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, அப்படியானால் என்ன செய்யலாம்? கறுப்புச் சாயத்தையும் ஈட்டியையும் அண்டாவையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இதில் பேரம் பேச எனக்கு ஒன்றும் இல்லை. சாயம் பூசுவதில் இன்னொரு விவகாரமும் இருக்கிறது: நம் பிள்ளைகளில் பாதிப்பேர் நல்ல கறுப்பு. அவர்களுக்கு மேலும் கறுப்பு பூசி 'காட்டான்' ஆக்கினால், வகுப்பில் மறுநாள் அவர்களுக்கு என்ன பெயர் விழும் என்று அம்மாக்களுக்குத் தெரியும்.

மேடைக்கு மச்சான் கயிறு ஒன்று போதும் என்பேன். இருவாச்சிக் குடும்பத்தைச் சின்ன வகுப்புப் பிள்ளைகள் செய்யலாம், அட்டையில் அலகு செய்வது சுலபம். பெரிய பிள்ளைகளுக்கு ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் கதை இருக்கிறது. 1987இல் அகத்தியமலைக் காட்டில் விஞ்ஞானிகள் நடந்து நடந்து நாக்குத் தள்ளி நிற்கிறார்கள், கூட வந்த காணிக்கார வழிகாட்டிகள் மட்டும் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு தெம்பாக நடக்கிறார்கள். அது என்ன என்று கேட்டால் முதலில் சொல்ல மறுக்கிறார்கள். பிறகு அந்தச் செடியிலிருந்து ஜீவனி என்ற மருந்து பிறக்கிறது, 1995இல் அதன் உரிமம் ஒரு மருந்து நிறுவனத்துக்குப் போகிறது, கிடைத்த தொகையில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாகிறது. பங்கு சரியா, யாரிடம் அனுமதி கேட்டார்கள் என்ற தகராறும் கூடவே வந்தது. தகராறையும் நாடகத்தில் விட்டுவிடாதீர்கள், அதுதான் சுவாரசியம்.

பழங்குடியினரை அழைக்க வேண்டும் என்றால் தாராளமாக அழைப்போம், பேச்சாளராக. அவர்களில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், வனக் காவலர்கள் இருக்கிறார்கள், வழக்கு நடத்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். போன ஆண்டுப் பட்டிமன்ற நடுவருக்குக் கொடுத்த அதே சன்மானம், அதே ஏசி வண்டி, அதே பொன்னாடை. ஆடுவதும் ஆடாததும் அவர்கள் இஷ்டம்.

விழாவில் கூர்க் காபிக் கடை போடுகிறோம் அல்லவா. அங்கே ஒரு பலகை வைக்க இடம் கொடுங்கள். நாம் பெங்களூரில் குடிக்கிற காவிரி குடகு மலையில் பிறக்கிறது. காபியும் அங்கிருந்துதான். அந்தக் காபித் தோட்டங்களில் தலைமுறைகளாக வேலை செய்பவர்களில் எரவர்கள், ஜேனு குறுபர்கள் என்ற பழங்குடியினரும் உண்டு. 2016 டிசம்பரில் குடகின் திட்டள்ளியில் அவர்களுடைய ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடிசைகளை அரசு இடித்துத் தள்ளியது. தோட்டத்து லயன் வீடுகளை விட்டுச் சொந்தமாக ஒரு குடிசை போட்டதுதான் அவர்கள் செய்த குற்றம். காபி ஆறுவதற்குள் படித்துவிடுகிற அளவில் எழுதித் தருகிறேன்.

நாடக வசனம் எழுதும் வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன். கிளப்ஹவுஸ் ஞாயிறு காலை பத்து மணிக்குக் காலியாக இருந்தால் ஒத்திகைக்கும் வருகிறேன், கயிறும் கொண்டுவருகிறேன். இலைப் பாவாடைக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டோம், கடைக்காரர் திருப்பித் தரமாட்டார் என்று பொருளாளர் அக்கா சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்தத் தொகையை என் ஆண்டுச் சந்தாவோடு சேர்த்து என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். பாவாடைகளை மட்டும் மறந்தும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், வைக்க இடமில்லை.

அன்புடன்,
சி பிளாக்கின் பொள்ளாச்சிக்காரன்
பெங்களூரு